லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ்: கையில பிஎஸ்பி-யா, வீட்ல பிஎஸ் 2-வா? ரங்கூன்ல வெளையாடினவங்க வந்து பேசுங்க

பன்சோடான் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் வீடு ஒதுக்கும்போது பழைய பெட்டிக்குள்ள என்னோட பிஎஸ்பி (கையில வச்சு வெளையாடுற சோனி பிளேஸ்டேஷன்) கெடைச்சுது. பேட்டரி உப்பிப்போய் பின்மூடியைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு, ஆனா உள்ள ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் கேம் டிஸ்க் அப்படியே இருக்கு. அதைப் பார்த்ததுல இருந்து ஒரு விஷயத்தை எழுதியே ஆகணும்னு தோணிக்கிட்டே இருக்கு.

எங்க பார்த்தாலும் எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், பிஎஸ்பி-ல வந்த ஜிடிஏ எல்லாம், டிவியில மாட்டி வெளையாடுற பிஎஸ் 2-ல வந்ததோட சுருக்குன பதிப்புன்னு. நான் ரெண்டையும் வெளையாடினவன். முதல்ல அனோரத்தா ரோடு பக்கத்து சந்துல ஒரு கேம் கடை, நாலு டிவி நாலு பிஎஸ் 2, மணிக்கு இவ்வளவுன்னு காசு. அங்கதான் ஜிடிஏ 3-யும் வைஸ் சிட்டியும் பழகினேன். மெமரி கார்டு கடையோடது, 8 எம்பி, நம்ம சேவ் மேல வேற யாராவது சேவ் பண்ணிட்டுப் போயிருப்பாங்க, மறுநாள் போனா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். அப்புறம் அண்ணன் கப்பல்ல இருந்து வரும்போது சிங்கப்பூர்ல ஒரு பிஎஸ்பி வாங்கிட்டு வந்தாரு. பின்னாடி வீட்டுக்கே ஒரு பிஎஸ் 2 வந்துச்சு, அதுல அதே லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸையும் போட்டுப் பார்த்தேன். அதனால ஒரே கேமை ரெண்டுலயும் முடிச்ச ஆளுன்னு தைரியமா சொல்லலாம்.

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்றேன். போர்ட் ஸ்டான்டன் பேட்டையை வெடி வச்சுத் தகர்க்கிற மிஷன் தெரியும்ல, கேமோட ஹீரோ டோனி சிப்ரியானி வெடியை எல்லாம் வச்சு முடிக்கணும். பிஎஸ் 2-ல வெளையாடிக்கிட்டு இருக்கேன், கடைசி வெடி வைக்கப் போறேன், ஃபேன் சத்தம் இறங்குது, டிவி படம் சுருங்கி நடுவுல ஒரு வெள்ளைப் புள்ளியாகி அதுவும் அணைஞ்சு போச்சு. கரண்ட் கட். அதுக்கு முன்னாடி சேவ் பண்ணி ஒண்ணரை மணி நேரம் ஆச்சு, அந்த ஒண்ணரை மணி நேரமும் அந்தப் புள்ளியோட போச்சு. அந்தத் தெருவே இருட்டு, அம்மா மெழுகுவத்தி தேடுறாங்க, நான் ரிமோட்டைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம் கழிச்சு, கரண்ட் வந்துருச்சுன்னு பர்மியில "மீ லாப்யீ"ன்னு தெரு முழுக்க சின்னப் பசங்க கத்துற சத்தம் கேட்டுச்சு, எந்திரிச்சுப் போயி திரும்பப் போட மனசே வரல.

அதே மிஷனை பிஎஸ்பி-ல வெளையாடினப்பவும் கரண்ட் போச்சு. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கல. தங்கச்சிதான் வந்து "அண்ணே அதை இங்க காட்டு, தீப்பெட்டி எங்கன்னு தெரியல"ன்னா. சுவிட்சை மேல ஒரு தள்ளு, பச்சை லைட் மினுக்கி அணைஞ்சு தூங்கிரும், காலையில எழுப்பினா டோனி அதே எடத்துல அதே காரோட நிப்பான். சேவ் பண்ண வீட்டுக்கு ஓட வேண்டாம். நம்மள மாதிரி ஊர்ல இருக்கிறவனுக்கு இதைவிடப் பெருசா வேற என்ன வேணும்? இது சின்ன பதிப்பு இல்ல, வேற மாதிரி வாழுறவனுக்காக செஞ்ச வேற கேம். அதுதான் நான் சொல்ல வர்றது. நீங்க என்ன நெனைக்கிறீங்க?

மாந்தளே பைக்:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா நீங்க பேசுறது கரண்ட்டைப் பத்தி, கேமைப் பத்தி இல்ல. கரண்ட் இருக்கிற வீட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எது நல்லாருக்கு, அதுதான கேள்வி?

முதல்ல கேமரா. பிஎஸ் 2 ரிமோட்ல ரெண்டு ஸ்டிக், இடதுல நடக்கிறோம் வலதுல பார்க்கிறோம். பிஎஸ்பி-ல இருக்கிறது கட்டை வெரலால ஆட்டுற ஒரே ஒரு நப், அதுவும் பொத்தான் மாதிரி தட்டையா. சுத்திப் பார்க்கணும்னா எல் பட்டனைப் புடிச்சுக்கிட்டு அதே நப்பை ஆட்டணும், அந்த நேரம் நடக்க முடியாது. பின்னாடி ஒருத்தன் சுடுறான், திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள பாதி உயிர் போயிரும். ஆர் அமுக்கி குறி புடிச்சா, எதிர்ல துப்பாக்கியோட நிக்கிறவனை விட்டுட்டு சும்மா நடந்து போற பொம்பளை மேல குறி விழும். இது எத்தனை மிஷன்ல என் உசுரை எடுத்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது, ஒப்பிடணும்னா பிஎஸ் 2-ல வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸோட ஒப்பிடுங்க. அது 2004 அக்டோபர்ல வந்துச்சு, லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் 2005 அக்டோபர்ல, ஒரு வருஷம் கழிச்சு. சான் ஆண்ட்ரியாஸ் ஹீரோ சிஜே நீந்துறான், சுவர் ஏறிக் குதிக்கிறான், பிளேன் ஓட்டுறான், சைக்கிள் ஓட்டுறான், சாப்பிட்டா குண்டாகுறான். டோனி தண்ணியில விழுந்தா செத்துப் போறான், இடுப்பளவு சுவர் ஏற மாட்டான். ஒரு வருஷம் கழிச்சு வந்த கேம்ல இதெல்லாம் காணோம்னா அதைப் பின்னாடி போனதுன்னுதான் சொல்லுவேன். ஊர் முழுக்க சுத்துற கேம்ல தண்ணியைக் கண்டா பயப்படணும்னா எப்படி அண்ணே?

பன்சோடான் பையன்:

தம்பி, கேமரா விஷயத்துல நீ சொல்றது முழுக்க சரி, அதுல நான் சண்டை போட மாட்டேன். எனக்கும் குறி மாறி மாறி விழுந்து வெறுத்துப் போயிருக்கு.

ஆனா சான் ஆண்ட்ரியாஸோட ஒப்பிடுறது நியாயம் இல்லன்னு நெனைக்கிறேன். அந்த கேம் வெளையாட ஒரு முழு சாயங்காலம் வேணும். பாலைவனத்துல பாதி நேரம் காரை ஓட்டிக்கிட்டே இருக்கணும், அது ஒரு சுகம், நான் இல்லன்னு சொல்லல. பிஎஸ்பி கேம்ல மிஷன் எல்லாம் சின்னச் சின்னது. இதை எங்க உணர்ந்தேன்னா நம்ம சர்க்குலர் ரயில்ல. அப்போ ஒரு முழு சுத்துக்கு 3 மணி நேரம் ஆகும், கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர். நான் லீவு நாள்ல சும்மாவே ஏறி உக்காந்துருவேன். ரெண்டு ஸ்டேஷன் போறதுக்குள்ள ஒரு மிஷன் முடியும். டன்யிங்கோன்ல கீரைக் கட்டும் முள்ளங்கி மூட்டையுமா அம்மாமாருங்க ஏறுவாங்க, கால் வைக்க இடம் இருக்காது, அப்போ சுவிட்சைத் தள்ளி பையில போட்டுக்குவேன், கூட்டம் எறங்கினதும் திரும்ப எடுப்பேன். எதிர்ல உக்காந்திருக்கிற அம்மா எட்டிப் பார்த்து யாரு இந்த ஆளு, எதுக்கு ஓடுறான்னு கேப்பாங்க. சான் ஆண்ட்ரியாஸை அந்த ரயில்ல யாரு வெளையாட முடியும் சொல்லு.

இன்னொண்ணு. இதே கேம் 2006 ஜூன்ல பிஎஸ் 2-க்கு வந்துச்சுல்ல, அதைப் போட்டப்போ எனக்குப் பெரிய ஏமாற்றம். வலது ஸ்டிக்ல கேமரா வந்துருச்சு, சந்தோஷம். ஆனா பிஎஸ்பி-ல பக்கத்துல பக்கத்துல உக்காந்து 6 பேர் வரைக்கும் வெளையாடுற மோட் இருந்துச்சுல்ல, அதை அப்படியே எடுத்துட்டாங்க. கையில இருந்தப்போ பெரிய ஊரா தெரிஞ்சது டிவியில ஏன் அவ்வளவு ஒல்லியா தெரிஞ்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல.

மொல்மேன் அக்கா:

அது ஏன்னு நான் சொல்றேன் தம்பி. நான் இங்க மொல்மேன்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், ஒரு காலத்துல பிஎஸ்பி மட்டும் வாரத்துக்கு நாலஞ்சு கழட்டுவேன்.

திரை 4.3 இஞ்ச், 480க்கு 272 புள்ளி. அந்த அளவுல தூரத்துல இருக்கிற கட்டிடம் மூடுபனிக்குள்ள இருந்து திடீர்னு மொளைச்சு வர்றது கண்ணுக்குப் பெருசா படாது, கை நீட்டுற தூரத்துல வச்சுத்தான பார்க்கிறோம். அதையே 21 இஞ்ச் டிவியில போட்டா ஒவ்வொரு ஒட்டும் தெரியும். சின்னத் திரைக்குன்னு அளந்து தச்ச சட்டையைப் பெரிய ஆளுக்குப் போட்ட மாதிரி.

மெஷினை எடுத்துக்கிட்டா எண்ணுல ரெண்டும் அவ்வளவு தூரம் இல்ல. பிஎஸ் 2 சிப் 295 மெகாஹெர்ட்ஸ் கிட்ட. பிஎஸ்பி சிப்புக்கு 333 வரைக்கும் ஓடுற சக்தி உண்டு, ஆனா பேட்டரி தாங்கணும்னு சோனி அப்போ கேமுக்கு 222 மட்டும்தான் விட்டாங்க, 333-ஐத் தொறந்து விட்டது 2007-ல. அதனால லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் எழுதினவங்க கட்டின கையோடதான் எழுதியிருக்காங்க. மெமரி ரெண்டுலயும் 32 எம்பி, ஆனா பிஎஸ்பி-ல அதுல 8 எம்பி சிஸ்டத்துக்கே போயிரும், பிஎஸ் 2-ல படத்துக்குன்னு தனியா 4 எம்பி. டிஸ்க்னா பிஎஸ்பி-யோட குட்டி யுஎம்டி 1.8 ஜிபி, பிஎஸ் 2-வோட டிவிடி 4.7 ஜிபி. இந்த மாதிரி ஊர் முழுக்க திறந்து கெடக்கிற கேம்ல மெமரியில ஊரை மொத்தமா வைக்க முடியாது, கார் போகப் போக டிஸ்க்ல இருந்து அடுத்த தெருவை உருவி உருவி எடுக்கணும். வேகமா பைக்ல போனா யுஎம்டி உள்ள கர்ருன்னு சுத்துற சத்தம் கேக்கும், கேட்டிருப்பீங்க. அந்தச் சத்தம் கேட்டா முன்னாடி ரோடு வரப்போகுதுன்னு அர்த்தம்.

இதை எல்லாம் வச்சுக்கிட்டு ஜிடிஏ 3-யோட மூணு தீவையும், போர்ட்லேண்ட், ஸ்டான்டன் ஐலண்ட், ஷோர்சைடு வேல், ஒண்ணு விடாம கைக்குள்ள அடக்கினாங்கன்னா அது சாதாரண வேலை இல்ல. ராக்ஸ்டார் லீட்ஸ்னு இங்கிலாந்துல ஒரு சின்ன ஸ்டூடியோ ராக்ஸ்டார் நார்த்தோட சேர்ந்து செஞ்சது. பிஎஸ் 2 ஜிடிஏ-க்கு இருந்த பழைய இன்ஜினை விட்டுட்டு இதுக்குன்னு சொந்தமா எழுதினாங்க. நான் கழட்டி மாட்டுறவ, ஒரு சின்னப் பலகைக்குள்ள எவ்வளவு அடக்கணும்னு எனக்குத் தெரியும், அதனால இதை மதிக்காம இருக்க முடியல.

நப் ஆட ஆடத் தானா ஒரு பக்கம் இழுக்குதுன்னா தூக்கிப் போட்டுராதீங்க, அதுக்கு அடியில கறுப்பா ஒரு ரப்பர் துண்டு இருக்கும், அழுக்குதான், ஸ்பிரிட்ல தொட்டு தொடைச்சா பாதி கேஸ் சரியாயிரும். உப்பின பேட்டரியை மட்டும் தயவு செஞ்சு சார்ஜ் போடாதீங்க, குத்தவும் செய்யாதீங்க. இன்னைக்கே வெளிய எடுத்துருங்க.

டலாக்கரை:

எல்லாரும் மெஷினைப் பத்தியே பேசுறீங்க, ஊரைப் பத்தி யாருமே பேசலியே. எனக்கு இந்த கேம் புடிச்சதே அதுக்காகத்தான்.

நான் ரங்கூனுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற டலாவுல பொறந்து வளர்ந்தவன். பாலம் வேலை தொடங்குறதுக்கு ரொம்ப முன்னாடி, பன்சோடான் துறையில இருந்து கப்பல்தான், வேற வழி கெடையாது. லிபர்ட்டி சிட்டி ஸ்டோரீஸ் நடக்கிறது 1998-ல, ஜிடிஏ 3-க்கு மூணு வருஷம் முன்னாடி. அதுல போர்ட்லேண்டையும் ஸ்டான்டனையும் சேர்க்கிற காலஹான் பாலம் இன்னும் கட்டி முடியல, கம்பியும் பலகையுமா நிக்குது, அதனால ஜனங்க காசு கட்டி ஃபெர்ரியில போறாங்க. ஜிடிஏ 3-ல பாலம் வந்துருச்சு, அந்த ஃபெர்ரித் துறை மூடிக் கெடக்கு. நான் ஜிடிஏ 3-ல அந்த மூடின துறையைப் பார்த்துட்டு இது என்னத்துக்கு இங்க நிக்குதுன்னு யோசிச்சிருக்கேன், பிஎஸ்பி-ல அதே எடத்துல கப்பல் வந்து நின்னப்போ மேல் சிலிர்த்துப் போச்சு. எங்க துறைக்கும் ஒருநாள் இதே கதிதானோன்னு நெனைச்சேன்.

போர்ட் ஸ்டான்டனும் அப்படித்தான். ஜிடிஏ 3-ல வெறும் கட்டுமான வேலை நடக்கிற குழி. பிஎஸ்பி-ல அங்க ஒரு முழு பேட்டையே இருந்துச்சு, கடை, வீடு, சந்து. அதை டோனி கையாலயே தகர்க்க வைக்கிறாங்க. முன்னாடியே குழியைப் பார்த்தவனுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்க. இந்த வலி வீட்டு மெஷின்ல பழைய கேமை வெளையாடினவனுக்குத்தான் கையில இருக்கிற கேம்ல கெடைக்கும், அதனால ரெண்டையும் எதிர் எதிரா நிக்க வைக்கிறதே எனக்கு ஒப்பல. ஒண்ணோட மீதிக் கதை இன்னொண்ணுல இருக்கு.

அப்புறம் பைக். ஜிடிஏ 3-ல ஒரு பைக்கூட கெடையாது. பிஎஸ்பி-ல அதே ஊர்ல பைக் ஓடுது. ரங்கூன்ல 2003-ல பைக்கைத் தடை பண்ணினாங்கல்ல, எங்க பக்கம் தடை இல்ல, நான் டலாவுல பைக்ல வந்து, துறையில நிறுத்திட்டு, கப்பல் ஏறி, அந்தப் பக்கம் பைக்கே இல்லாத ஊருக்குள்ள நடந்து போவேன். ரெண்டு ஜிடிஏ-க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை நான் தினம் 10 நிமிஷத்துல கடந்தேன்.

மாந்தளே பைக்:

டலா அண்ணே, இதை நான் யோசிச்சதே இல்ல. எங்க மாந்தளேல பைக் இல்லாம ஒரு வேலையும் நடக்காது, எனக்கு ஜிடிஏ 3 ஏன் ஒட்டலன்னு இப்பத்தான் புரியுது. பேரே பைக்னு வச்சிருக்கேன்.

சரி, ஆனா நீந்துறது? அதை யாரும் தொடவே இல்லியே.

புக்கிட் படோக்:

நான் தட்டோன்காரன், இப்ப சிங்கப்பூர்ல வேலை. நீந்துறதுக்கு வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் வெளையாடுங்க தம்பி. 2006 அக்டோபர் கடைசியில பிஎஸ்பி-க்கு வந்துச்சு, பிஎஸ் 2-க்கு 2007 மார்ச்ல. அதோட ஹீரோ விக் வான்ஸ் கொஞ்ச நேரம் நீந்துவான், ரொம்ப நேரம் இருந்தா மூச்சு போயிரும், ஆனா விழுந்த உடனே சாக மாட்டான். ஹெலிகாப்டர் ஓட்டலாம். கதை நடக்கிறது 1984-ல, வைஸ் சிட்டிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி. வைஸ் சிட்டி முதல் காட்சியிலயே விக் செத்துப் போறதை நாம பார்த்துட்டோம்ல, அது தெரிஞ்சும் அவன் கூடவே கடைசி வரைக்கும் ஓடுறோம். அவன் தம்பியைக் காப்பாத்தணும், குடும்பத்தைக் காப்பாத்தணும்னு அடிச்சுக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகும், வீட்டுக்குப் பணம் அனுப்புறவன் எல்லாருக்கும் அது புரியும்.

அதுல ஊர்ல 30 எடத்தைப் புடிச்சு தொழில் நடத்துறது இருக்கு, எதை எந்த எடத்துல வைக்கலாம்னு நாமளே முடிவு பண்ணலாம். கைல வெளையாடுற கேம்ல இதைச் செஞ்சாங்கன்னா எப்படி அது சின்ன பதிப்பாகும்? பிஎஸ் 2-க்குக் கொண்டு போனப்போ சில புது சைடு வேலை சேர்த்தாங்க, அது உண்மை, ஆனா நாலு பேரா உக்காந்து வெளையாடுறதை இதுலயும் எடுத்துட்டாங்க.

அந்த மோடைப் பத்தி பன்சோடான் அண்ணன் ஒரு வரியில முடிச்சிட்டாரு, நான் விட மாட்டேன். முதல் தடவை சிங்கப்பூர் வந்தப்போ ஒரே ரூம்ல நாங்க எட்டு பேரு, அதுல நாலு பேர்கிட்ட பிஎஸ்பி. பக்கவாட்டுல வைஃபை சுவிட்சைத் தள்ளினா போதும், நெட் வேணாம், காசு வேணாம். டேங்கைப் புடிச்சு யாரு அதிக நேரம் வச்சிருக்காங்கன்னு ஒரு மோட், எதிராளியோட லிமோ காரைத் திருடிட்டு வர்ற மோட் ஒண்ணு. ஷிப்ட் முடிஞ்சு வந்து, சோறு வேகிற நேரம் மட்டும்தான் வெளையாடுவோம், குக்கர் விசில் அடிச்சா நிறுத்தணும்னு சட்டம். ஒருத்தன் கட்டில் மேல, ஒருத்தன் கட்டில் கீழ ஒளிஞ்சு உக்காந்து, திரையை யாரும் பார்த்துரக் கூடாதுன்னு. அந்த ரூம்ல ஊர் நெனைப்பு வராம இருந்தது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். பிஎஸ் 2 எவ்வளவு அழகா படம் காட்டினாலும் அதை எனக்குத் தர முடியாது.

சின்னவன்:

அண்ணன்மாரே, எனக்கு 17 வயசு. நான் இதை போன்லதான் வெளையாடுறேன், ஆண்ட்ராய்டுல இருக்கே. போன்லயும் கரண்ட் வேணாம், படமும் பளிச்சுன்னு இருக்கு. அப்போ பிஎஸ்பி எதுக்கு?

மொல்மேன் அக்கா:

நல்ல கேள்விடா தம்பி. ஆண்ட்ராய்டுல 2016-ல வந்துச்சு, ஐபோனுக்கு அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. படம் பிஎஸ் 2-ஐவிட தெளிவு, நெழலு, தூரம் எல்லாம் நல்லாருக்கு. ஆனா கண்ணாடி மேல வெரலைத் தேய்ச்சு கார் ஓட்டுறது எனக்கு ஒத்து வரல, பட்டன் எங்க இருக்குன்னு கட்டை வெரலுக்குத் தெரிய மாட்டேங்குது, வெரலே பாதி ஊரை மறைச்சிருது. இங்க ஏப்ரல்ல திஞ்ஜான் தண்ணித் திருவிழா வந்தா கை எப்பவும் ஈரம், ஈரக்கைக்கு கண்ணாடி கேக்கவே கேக்காது. பிஎஸ்பி-யை பிளாஸ்டிக் பையில போட்டு இறுக்கிக் கட்டிட்டு அந்தப் பையோட மேலயே பட்டனை அமுக்கி வெளையாடின பசங்களை நான் பார்த்திருக்கேன். ஒரு ஜாய்ஸ்டிக் மாட்டிட்டு வெளையாடு, அப்போ போன் நல்லாத்தான் இருக்கும். வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் மட்டும் போனுக்கு வரவே இல்ல, அதுக்காகவாவது ஒரு பிஎஸ்பி தேடு.

மாந்தளே பைக்:

அக்கா சொன்னதுக்காக நேத்து ராத்திரி அண்ணனோட பழைய பிஎஸ்பி-ல உக்காந்து மூணு மணி நேரம் வெளையாடினேன். குறி விழுறது இன்னும் எனக்கு எரிச்சல்தான், அதை மாத்திச் சொல்ல மாட்டேன், பிஎஸ் 2 ரிமோட்தான் எனக்கு. ஆனா பைக்ல போர்ட்லேண்ட் பூரா ஒரு சுத்து சுத்தினேன், ரயில் மேல போற தூணுங்களுக்கு நடுவுல, மழை பெய்யுது, ரோட்ல லைட் மின்னுது. இங்கயும் அப்ப மழை. கரண்ட் எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியல, அம்மா வந்து சொன்னதுக்கப்புறம்தான் தெரியும்.

பன்சோடான் பையன்:

தம்பி, நீ எழுதினதைப் படிச்சதும் எனக்கு வேற எதுவும் சொல்லணும்னு தோணல.

அக்கா, பேட்டரியை அன்னைக்கே வெளிய எடுத்துட்டேன், நன்றி. வேற பேட்டரி ஒண்ணு கெடைச்சிருக்கு, 1200 எம்ஏஎச், பின்னாடி வந்த ஒல்லி மாடலோடது. என்னோடது முதல் மாடல், 1800 போடுற பெரிய குழி. போட்டா பின்மூடி சரியா நிக்குமா, இல்ல ஏதாவது அண்டக் கொடுக்கணுமா?

டலா அண்ணே, ஞாயித்துக்கெழமை நீங்க இந்தப் பக்கம் வந்தா உங்ககிட்ட இருக்கிறதையும் எடுத்துட்டு வாங்க, டிஸ்க் ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா இருக்கணும், மறந்துராதீங்க. டேங்கு மோடுதான் முதல்ல. நான் காலையில 8 மணிக்கு பன்சோடான் துறையிலயே நிப்பேன்.

மொல்மேன் அக்கா:

மாட்டும் தம்பி, ஆனா உள்ள ஆடும். ஒல்லி பேட்டரிக்குப் பின்னாடி அட்டையை நாலா மடிச்சு வை, மூடி நிக்கும். டேப் ஒட்டினா போதும், பசை போட்டுராத.